செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்: வோல்டேஜ் எங்கே தொலைகிறது?

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. இப்படி நிற்கும் காருக்கு நம் ஊரில் உடனே எழுதப்படும் தீர்ப்பு, "செல்ஃப் போச்சு", அதாவது எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர், வழியில் போகிறவர், டீக்கடையில் நிற்பவர் எல்லோரும் அதையே சொல்வார்கள். தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ 'செல்ஃப், டைனமோ வேலைகள்' என்று பலகை மாட்டிய கடைக்குள் போனால் மட்டும் கேள்வி வேறு மாதிரி வரும்: "மக்கா, எர்த்தப் பாத்தியா டே?"

எர்த் என்பது பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் வயர். அந்தக் கேள்விக்குள் இருக்கும் விஷயத்தைப் புரிந்துகொண்டால் வீட்டு முற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். தேவைப்படுவது ஒரு சாதாரண மல்டிமீட்டர், சாவி திருப்ப ஒரு ஆள், கொஞ்சம் பொறுமை. நான் மனதில் வைத்து எழுதுவது கையால் கியர் போடும் சிறிய பெட்ரோல் காரை. டீசலுக்கும் விஷயம் இதேதான். மின்சாரம் இழுக்கும் அளவுதான் அதில் கூடும். முழு எலக்ட்ரிக் காரும் ஹைபிரிட் காரும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றின் ஆரஞ்சு நிறக் கேபிள்களை வீட்டில் தொடவே கூடாது.

மோட்டார் என்ன செய்கிறது

பெட்ரோல் எஞ்சின் தானாகச் சுற்ற ஆரம்பிக்காது. யாராவது அதை முதலில் சில சுற்றுகள் சுற்றிவிட வேண்டும். பழைய அம்பாசடரின் முன் பம்பருக்கு நடுவே ஹேண்டிலை நுழைத்துச் சுற்றியவர்களுக்கு அதில் எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அந்த வேலையை மோட்டாரிடம் கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1912-ல் கேடிலாக் கார்களில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது.

அதற்கு முன் அவர் வேலை பார்த்தது கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை; கணநேரம் முழு வலுவோடு உதைத்தால் போதும். எஞ்சினைச் சுற்றிவிடவும் அப்படித்தான். இவ்வளவு சுமையில் பத்து நிமிடம் ஓட வேண்டிய மோட்டார் என்றால் அது பெரியதாக இருந்தாக வேண்டும். மூன்று விநாடிதான் என்றால் சின்ன மோட்டாரிலேயே அளவுக்கு மீறி மின்சாரத்தைப் பாய்ச்சி வேலை வாங்கிவிடலாம். இன்றும் செல்ஃப் மோட்டார் அப்படித்தான் செய்யப்படுகிறது. மூன்று நான்கு கிலோ எடையுள்ள அந்த உருளை சுமார் ஒரு கிலோவாட் வேலை செய்கிறது. அதனால்தான் ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்திருக்கக் கூடாது. எஞ்சின் எடுக்கவில்லை என்றால் விட்டுவிட்டு, அரை நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி முயல வேண்டும். நேரே பிடித்துக்கொண்டே இருந்தால் நல்ல மோட்டாரும் உள்ளே கருகும்.

மோட்டாரின் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. எட்டு முதல் பத்துப் பல் இருக்கும். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றி இருக்கும் பல்வளையம் ரிங் கியர். அதில் நூறுக்கு முன்பின் பல். ஆக, பினியன் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் எஞ்சின் ஒரு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு இருநூறு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு சிக்கல் பிறக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனபிறகும் இரண்டு பல்லும் கோத்தபடி இருந்தால், இம்முறை எஞ்சின் மோட்டாரைச் சுற்றும், அதுவும் பத்துப் பன்னிரண்டு மடங்கு வேகத்தில். 3000-ல் ஓடும் எஞ்சினோடு பினியன் 30,000-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் சுருள்கள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இதைத் தடுக்கத்தான் ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் வழுக்கும் கிளட்ச் ஒன்று பினியனோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கடைகளில் இந்த முழுத் தொகுப்பையும் 'பெண்டிக்ஸ்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மோட்டார் 'விர்ர்' என்று சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை என்றால் போயிருப்பது பெரும்பாலும் இதுதான்.

மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன உருளை

செல்ஃப் மோட்டாரின் முதுகில் சின்ன உருளை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது சோலனாய்ட். இதைப் புரிந்துகொண்டால் சத்தத்தை வைத்தே கோளாறைப் பாதி பிடித்துவிடலாம் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மோட்டாருக்கு வருவது இரண்டு மின்பாதைகள். ஒன்று, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நேராக வரும் விரல் பருமனான கேபிள். சாவி திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அதில் எப்போதும் 12 வோல்ட் நிற்கும். மற்றொன்று, சாவியிலிருந்து ரிலே என்ற மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் வழியாக வரும் மெல்லிய வயர். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்வரை மட்டும் இதில் மின்சாரம் வரும். பல மோட்டார்களில் பெரிய முனையில் 30 என்றும் சின்ன முனையில் 50 என்றும் எண் பொறித்திருக்கும்.

மெல்லிய வயரில் மின்சாரம் வந்ததும் சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள் வேலை செய்கின்றன. ஒன்று பலமாக இழுக்கும் சுருள், மற்றது இழுத்ததைப் பிடித்து வைக்கும் சுருள். இரண்டும் சேர்ந்து உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கின்றன. தண்டு ஒரு நெம்புகோல் மூலம் பினியனை ரிங் கியருக்குள் தள்ளுகிறது. அதே அசைவின் முடிவில் ஒரு செம்புத் தட்டை இரண்டு தடித்த முனைகளின் மேல் அழுத்துகிறது. பெரிய கேபிளின் மின்சாரம் அப்போதுதான் மோட்டாருக்குள் பாய்கிறது. நாம் கேட்கும் 'டக்' இந்தத் தட்டும் தண்டும் போய் முட்டும் சத்தம்.

இழுக்கும் சுருளின் மறுமுனை மோட்டாரின் சுழலும் பகுதியை உரசியபடி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. செம்புத் தட்டு அழுந்தியதும் அந்தச் சுருளின் இரண்டு முனைகளிலும் ஒரே வோல்டேஜ் வந்துவிடுவதால் அது தானாகவே ஓய்ந்துவிடும். பிடிக்கும் சுருள் மட்டும் தொடரும். தனி சுவிட்ச் எதுவும் இல்லாமல் இது நடப்பது எனக்கு எப்போதும் அழகாகப் படும்.

இப்போது சத்தங்களுக்கு வருவோம்.

'டக்-டக்-டக்-டக்' என்று வேகமாக அடித்தால், செம்புத் தட்டு அழுந்தியதும் மோட்டார் கேட்கும் மின்சாரத்தைப் பேட்டரியால் தர முடியாமல் வோல்டேஜ் சரிகிறது என்று பொருள். சரிந்ததும் பிடிக்கும் சுருளின் பிடி விட்டு, தண்டு பின்னே போகிறது. சுமை நீங்கியதால் வோல்டேஜ் ஏறுகிறது. மறுபடி இழுக்கிறது, மறுபடி விடுகிறது. இங்கே சோலனாய்ட் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது ஏதோ ஓர் இணைப்பு மோசமாக இருக்கும்.

ஒரே ஒரு கனமான 'டக்', பிறகு அமைதி என்றால் தண்டு போய் முட்டிவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. செம்புத் தட்டு கருகியிருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம், மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கலாம். கேபிள் வழியிலேயே வோல்டேஜ் தொலைந்தும் இருக்கலாம்.

சத்தமே இல்லை என்றால் மெல்லிய வயரில் சமிக்ஞை வரவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் பெடலின் சுவிட்ச். புதிய கார்கள் பலவற்றில் கிளட்சை முழுதாக மிதிக்காவிட்டால் செல்ஃப் எடுக்காது; பெடலுக்கு அடியில் மிதியடி மடங்கிக் கிடந்தாலும் இதே கதிதான். ஆட்டோமேட்டிக் என்றால் லிவர் பார்க் அல்லது நியூட்ரலில் இருக்க வேண்டும். மீட்டர் போர்டில் சாவி படம் மின்னிக்கொண்டே இருந்தால் சாவியின் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. மோட்டாரைத் தொட வேண்டாம். இதெல்லாம் சரியாக இருந்தும் அமைதி என்றால் சோலனாய்டின் சுருளோ, முழுக்கத் தேய்ந்த பிரஷோ காரணம்.

'கர்ர்' என்ற அரைபடும் சத்தம் பல் தேய்ந்ததற்கு. எஞ்சின் எடுத்த பிறகும் செல்ஃப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலேயோ செம்புத் தட்டோ ஒட்டிக்கொண்டது. அப்போது யோசிக்க நேரமில்லை. சாவியை அணைத்துவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

அணையில் இருக்கும் தண்ணீரும் கடைவரம்பும்

"பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுகிறது, அதனால் பேட்டரி, கேபிள் எல்லாம் சரி, செல்ஃப்தான் போய்விட்டது." அதிகமாகச் செய்யப்படும் தவறான கணக்கு இது.

பேச்சிப்பாறை அணையில் நீர்மட்டம் நிறைவாக இருக்கிறது என்ற செய்தியைப் பார்த்து, தோவாளை சானல் என்ற கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று எந்த விவசாயியும் முடிவு செய்ய மாட்டார். மதகு திறந்து, தண்ணீர் ஓடி, வழியில் எங்கெங்கே அடைப்பும் கசிவும் என்று பார்த்தால்தான் தெரியும். பேட்டரியின் 12.6 வோல்ட் அணையின் நீர்மட்டம். மோட்டார்தான் கடைவரம்பு. மின்சாரம் ஓடும்போது இரண்டுக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய எண். இதற்கு வோல்டேஜ் டிராப் என்று பெயர்.

கணக்கு சின்னதுதான். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப், எஞ்சினைச் சுற்றும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். 150 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி முனையில் பூத்திருக்கும் உப்பினால் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம் மின்தடை சேர்ந்தால், 150-ஐ 0.01-ஆல் பெருக்குங்கள்: 1.5 வோல்ட் அந்த இடத்திலேயே போய்விட்டது. தொலைந்த வோல்டேஜ் சும்மா மறைவதில்லை. 225 வாட் வெப்பமாக அந்த முனையிலேயே வெளிப்படுகிறது. ஸ்டார்ட் செய்ய முயன்ற உடனே எந்த டெர்மினல் கைக்குச் சூடாகத் தெரிகிறதோ அங்கேதான் குற்றவாளி. தொடும்போது கவனம், சில சமயம் சுட்டுவிடும்.

அதே 0.01 ஓம், ஐந்து ஆம்பியர் மட்டும் இழுக்கும் ஒரு ஹெட்லைட் பல்பிற்கு வெறும் 0.05 வோல்ட் இழப்புதான். கண்ணுக்கே தெரியாது. "லைட் எல்லாம் பிரகாசமா எரியுது, செல்ஃப் மட்டும்தான் எடுக்கல" என்று சொல்வதன் ரகசியம் இது. லைட்டுக்குப் போதுமான பாதை செல்ஃபுக்குப் போதாது. கேபிளுக்குள் நூறு இழையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும், மின்சாரம் ஓடாத நேரத்தில் மீட்டர் 12.6 என்றே காட்டும்.

மீட்டரை ஓம் நிலையில் வைத்து கேபிளைச் சோதிக்கலாமே என்று தோன்றும். சாதாரண மீட்டரின் சொந்த வயர்களுக்கே 0.01 ஓமைவிடப் பல மடங்கு தடை உண்டு. அதனால் அந்த வழி இங்கே உதவாது. மின்சாரத்தை ஓடவிட்டு வோல்ட்டில் அளப்பதே வழி.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளின் மேல் உப்புக்காற்று நாள் முழுக்கப் படிகிறது. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் வேறு. பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் டெர்மினலையாவது பானெட்டைத் திறந்தால் பார்க்கிறோம். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் பின்னல் எர்த் வயரை யாரும் பார்ப்பதில்லை. சேறும் உப்பும் பட்டு, வெளியே பச்சை பூத்து, உள்ளே நூல் நூலாக அறுந்துகொண்டிருப்பது அதுதான். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் மாதக்கணக்கில் மூடிபோட்டு நிற்கும் கார்கள் இன்னொரு வகை. அலாரமும் கடிகாரமும் கம்ப்யூட்டரும் துளித்துளியாக இழுத்தே பேட்டரியைக் காலி செய்திருக்கும். அப்படி வெறுமையாகவே கிடந்த பேட்டரி மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் முழுத்தெம்புக்கு வருவது அரிது.

மீட்டர் இல்லாமல் இரண்டு சோதனை

இரவிலோ நிழலிலோ வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். லைட் ஏறக்குறைய அணைந்தே போனால் பேட்டரியோ அதன் டெர்மினலோ வலுவிழந்தது, அல்லது எதோ இறுகி நிற்கிறது. 'டக்' கேட்டும் லைட் சிறிதும் மங்கவில்லை என்றால் மோட்டார் மின்சாரம் இழுக்கவே இல்லை. பாதை எங்கோ அறுந்திருக்கிறது.

இரண்டாவது, எர்த்துக்கானது. இரண்டு பேட்டரிகளை இணைக்கப் பயன்படும் ஜம்பர் கேபிள்கள் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதிக்கும் நடுவே மாட்டி, செல்ஃப் அடித்துப் பாருங்கள். எடுத்துவிட்டால் எர்த் வயர்தான் குற்றவாளி. மோட்டார் விலைக்கு முன்னால் அந்த வயரின் விலை ஒன்றுமே இல்லை.

மீட்டரோடு

முதலில் பாதுகாப்பு. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டிக்கு முன்னால் யாரும் நிற்காமல். மோதிரம், உலோகப் பட்டை போட்ட வாட்ச், தொங்கும் செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் விரலோடு சேர்ந்து பழுக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி கூடாது, அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றி வைத்தால், சோதிக்கும்போது எஞ்சின் எடுத்துக்கொள்ளாமல் சுற்ற மட்டும் செய்யும்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஆம்பியர் துளையில் வயரைச் செருகி செல்ஃபின் மின்சாரத்தை அளக்க முயல வேண்டாம். அது 10 ஆம்பியர் வரைதான் தாங்கும்.

வண்டி இரவெல்லாம் ஓய்ந்து நின்றபின் பேட்டரியை அளந்தால் 12.6-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். இறங்கிய பேட்டரியோடு செய்யும் எந்தச் சோதனையும் உங்களைத் தவறான இடத்துக்கே கூட்டிப்போகும்.

அடுத்து, அதே இடத்தில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு மூன்று விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். இங்கே மூன்று விதமாக நடக்கலாம். எண் 10-க்கு மேல் நின்று எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றினால் இந்தப் பக்கம் நோயே இல்லை. 'டக்' கேட்டும் எண் 12.3-லேயே நின்றால், மோட்டார் பட்டினி கிடக்கிறது: கருகிய செம்புத் தட்டு, தேய்ந்த பிரஷ் அல்லது அறுந்த கேபிள். எண் 7, 8 என்று குப்புற விழுந்தால் ஒன்று பேட்டரி உள்ளுக்குள் போய்விட்டது, இல்லையென்றால் மோட்டாரோ எஞ்சினோ இறுகிக்கொண்டு அளவுக்கு மீறி இழுக்கிறது. நல்ல பேட்டரி உள்ள இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்துப் பார்த்தால் இவற்றைப் பிரித்துவிடலாம்.

இதன்பிறகு பாதையை அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைக்க வேண்டாம். கருப்பு முனை செல்ஃபின் பெரிய முனையில். செல்ஃப் அடிக்கும்போது வரும் எண்தான் வழியில் தொலைந்த வோல்டேஜ். 0.5-க்குள் இருந்தால் சரி. எர்த் பக்கத்துக்கு, கருப்பு பேட்டரியின் நெகட்டிவ் குமிழில், சிவப்பு செல்ஃப் மோட்டாரின் உடம்பில். 0.3-க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால் குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே, கிளாம்புக்கும் கேபிளுக்கும் நடுவே, கேபிளுக்கும் எஞ்சினுக்கும் நடுவே என்று ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் தாவுகிறதோ அதுதான் இடம்.

ஒரு எச்சரிக்கை. மின்சாரம் ஓடினால்தான் இந்த அளவுக்கு அர்த்தம். மோட்டாருக்குள் பிரஷ் தொடவே இல்லை என்றால் கேபிளில் எதுவும் ஓடாது, டிராப் சுழியம் காட்டும். அதைப் பார்த்து "கேபிள் அருமை" என்று முடிவு கட்டக் கூடாது.

கடைசியாக, கடைவரம்பிலேயே போய் அளப்போம். செல்ஃபின் பெரிய முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே, சாவியைப் பிடித்திருக்கும்போது 9.5, 10 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருக்கிறது; மெல்லிய வயரின் முனையிலும் 10-க்குக் குறையவில்லை; ஆனால் மோட்டார் சுற்றவில்லை. எஞ்சின் கையால் சுற்றிப் பார்த்தால் இலகுவாகச் சுற்றுகிறது. இப்போதுதான் "செல்ஃப் போச்சு" என்று சொல்லலாம்.

எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். 2021 நவம்பர் வெள்ளம் போல ஒன்றில் மாட்டி, தண்ணீருக்குள் ஓடிவந்து நின்றுபோன கார் என்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. அப்படி இறுகி நிற்கும் எஞ்சினில் செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போவதே நல்லது.

வழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஸ்பேனர் கைப்பிடியால் மோட்டாரின் மேல் லேசாக இரண்டு தட்டு தட்டுகிற பழைய வைத்தியம் பல நேரம் பலிக்கும். சிக்கிக்கொண்ட பிரஷ் தட்டும் அதிர்வில் இறங்கித் தொடும். ஆனால் இன்றைய மோட்டார்கள் பலவற்றில் உள்ளே ஒட்டியிருப்பது நிலைக்காந்தங்கள். ஓங்கி அடித்தால் உடையும். தள்ளி ஸ்டார்ட் செய்வது கையால் கியர் போடும் வண்டியில் மட்டும்: சாவி ஆன், இரண்டாவது கியர், வேகம் வந்ததும் கிளட்சை விடுங்கள். பேட்டரி அடியோடு செத்திருந்தால் அதுவும் நடக்காது, பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது உயிர் வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபின் இரண்டு முனைகளையும் இணைத்துக் காட்டும் வித்தையைச் சிலர் செய்வார்கள். வண்டி கியரில் இருந்தால் எஞ்சின் எடுத்த நொடி அது செய்பவரின் மேலேயே ஏறும். செய்ய வேண்டாம்.

முழு மோட்டாரும் மாற்ற வேண்டுமா?

பல நேரம் வேண்டாம். பிரஷ், தண்டு சுழலும் வளையமான புஷ், பெண்டிக்ஸ், சோலனாய்ட் ஆகிய நான்கும் நிறைய மோட்டார்களுக்குத் தனித்தனியாகக் கிடைக்கும். கழற்றிய மோட்டாரை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார். பிரஷ் தேய்வு மட்டும் என்றால் பிரஷ் போடுவதே போதும். ஆர்மேச்சர் சுருள் கருகிய வாடை அடித்தால் நான் சுருளை மறுபடி சுற்றித்தரச் சொல்ல மாட்டேன். முழு மோட்டாராக வாங்கிவிடுவேன். வாங்கும்போது வண்டியின் மாடலை மட்டும் சொல்லாமல், பழைய மோட்டாரின் மேல் இருக்கும் பகுதி எண்ணையும் காட்டுங்கள். ஒரே மாடல் காரில் ஆண்டுக்கு ஆண்டு வேறு மோட்டார் வந்திருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து பினியன் பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டைகளின் இடம், மூக்கின் நீளம் மூன்றையும் ஒப்பிட்ட பிறகே கடையை விட்டு இறங்குங்கள்.

கழற்றி மாட்டுவது

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் மோட்டார் இருக்கும். சில வண்டிகளில் ஏர்ஃபில்டர் பெட்டியையோ பேட்டரித் தட்டையோ எடுத்தால் மேலிருந்தே கை போகும். சிலவற்றில் அடியிலிருந்துதான். அடியில் போக வேண்டுமென்றால் சமதளத்தில், ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டில் இறக்கி வைத்துத்தான் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி, செங்கல்லை அடுக்கி, வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையை ஒர்க்ஷாப்பிடம் விடுங்கள்.

எஞ்சின் ஆறட்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வரிசை மாறி பாசிட்டிவைத் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்ட கணமே முழு பேட்டரியும் அதன் வழியே பாயும். செல்ஃபின் பெரிய முனை எப்போதும் உயிரோடு இருப்பது என்பது நினைவிருக்கட்டும்.

கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வயரை உருவி, பெரிய கேபிளின் நட்டைத் தளர்த்துங்கள். சோலனாய்டில் தடித்த முனைகள் இரண்டு இருக்கும். பேட்டரி கேபிள் வருவது ஒன்றில். மற்றதிலிருந்து ஒரு சின்னப் பின்னல் வயர் மோட்டாருக்குள் போகும், அதைத் தொட வேண்டாம். நட்டைத் திருகும்போது முனையும் சேர்ந்து சுற்றினால் சோலனாய்டின் மூடி விரிசல் விடும். பலம் காட்டாமல், துருவைக் கரைக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்து வைத்துவிடுவது கடலோர வண்டிகளுக்குக் கட்டாயம்.

பிடித்திருப்பது இரண்டு அல்லது மூன்று போல்ட். மாருதி, டொயோட்டா போன்றவற்றில் 12, 14 ஸ்பேனர்கள் பெரும்பாலும் போதும். கடைசி போல்டைக் கழற்றும்போது மறு கையால் மோட்டாரைத் தாங்கிப் பிடியுங்கள். போல்ட்களின் நீளம் வேறுபட்டால் எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ரிங் கியரைப் பாருங்கள். எஞ்சினை ஸ்பேனரால் மெல்லச் சுற்றிக்கொண்டே முழு வட்டமும் பார்க்க வேண்டும். அணைத்ததும் எஞ்சின் எங்கேயோ நிற்பதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் இரண்டு இடத்திலும், மூன்று சிலிண்டர் மூன்று இடத்திலும் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் பினியன் வந்து மோதுவது அந்தப் பற்களில்தான் என்பதால் அங்கே மட்டும் தேய்ந்திருக்கும். பல் உடைந்திருந்தால் புது மோட்டார் போட்டாலும் அரைபடும். அதைச் சரிசெய்யக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அது வீட்டு வேலை கிடையாது.

புதியதை மாட்டும் முன் தரையிலேயே சோதித்துவிடலாம். மோட்டாரை வைஸில் இறுக்கிப் பிடித்து, ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவை அதன் உடம்பிலும் பாசிட்டிவைப் பெரிய முனையிலும் கொடுத்து, ஒரு சின்ன வயரால் பாசிட்டிவைச் சின்ன முனையில் தொட்டால் பினியன் முன்னே பாய்ந்து சுற்றும். இரண்டு விநாடி போதும். முதல் கணத்தில் மோட்டார் நன்றாகவே உதைக்கும். கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை இது கிடையாது.

மோட்டார் உட்காரும் உலோக முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். அங்கே கிரீஸோ பெயின்டோ கூடாது, செல்ஃபின் எர்த் அந்த முகத்தின் வழியாகத்தான் போகிறது. போல்ட்களை முதலில் கையால் திருகி, மோட்டார் நேராக உட்கார்ந்ததும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கேபிள் நட்டை அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். ரப்பர் மூடி இருந்தால் மறக்காமல் மேலே இழுத்துவிடுங்கள். பேட்டரி டெர்மினல்களை வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு இறுக்கக் கூடாது. நெகட்டிவ் கடைசியில்.

நியூட்ரலில் வைத்து முதல் முறை செல்ஃப் அடிக்கும்போது பானெட்டைத் திறந்தே வைத்துக் கேளுங்கள். சாவியை விட்டதும் பினியன் சத்தமில்லாமல் விலகிவிட வேண்டும். சிணுங்கல் நீண்டால் மோட்டார் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே காட்டினால் சார்ஜும் சரி. பிறகு அந்த மூன்று எண்களை, அதாவது செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் நின்ற வோல்டேஜ், பாசிட்டிவ் பக்க டிராப், எர்த் பக்க டிராப் ஆகியவற்றைத் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் செல்ஃப் கொஞ்சம் சோம்பினால், ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் வண்டியின் சொந்த எண்களே கையில் இருக்கும்.